ஊர் மருமகள்களுக்காக நான் பேர் சொன்ன நாள்

அக்-ஜார் கிராமம்
ஜூன் மாதம், சனிக்கிழமை

அன்புத் தங்கை அனார்கானுக்கு,

உன் அண்ணன் எசெந்தூர் எழுதுவது. உன் வீட்டுக் குதிரைகள், மாடுகள், ஆடுகள், அவற்றுக்கு அடுத்தபடியாக மனிதர்கள், எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். மச்சானின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல். இங்கே நாங்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மானம் மட்டும் பாதிதான் மிச்சம். மீதிப் பாதி போன கதையைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மாவு பிசைகிறவள். ஆகவே எழுதி, வேன் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். நீ உடனே புறப்பட்டு வந்து என் மருமகள் ஜிபாராவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். அவளைக் கேட்க வேண்டிய என் மகன் தலாய் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். சைரகுல் கேட்பாள் என்று பார்த்தால் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. இந்த ஜிபாரா வசந்த காலத்தில் கிராமச் சுகாதாரக் குழுவில் சேர்ந்தாள். சரி, கை கழுவச் சொல்வாள், கொதித்த தண்ணீர் குடிக்கச் சொல்வாள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று நாள் பயிற்சிக்கு நாரின் பட்டணத்துக்குப் போய் வந்தாள். வந்த மறுநாளே சிவப்புக் கம்பளியை எடுத்து வைத்துக்கொண்டு, வெந்நீர் தெளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, ஏதோ ஒன்றைச் செய்ய ஆரம்பித்தாள். உள்ளே கூடு, கீழே குறுகிய வாய், மேலே இரண்டு பக்கமும் வளைந்த ஆட்டுக்கிடாய்க் கொம்பு. நேர்த்தியான வேலை. தேநீர்ப் பானைக்கு உறை செய்கிறாள் என்று நினைத்து எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

அன்று பார்த்துக் கொய்லுபாய் பெரியவரும் இன்னும் இரண்டு கிழவர்களும் குதிரை விஷயமாகப் பேச வந்தார்கள். நான் என்ன செய்தேன், அலமாரியில் இருந்த அந்த உறையை எடுத்து, அதன் வாயை நன்றாக இழுத்து விரித்து, கொதிக்கும் தேநீர்ப் பானையின் மேல் என் கையாலேயே மாட்டி, விரிப்பின் நடுவில் வைத்தேன். கொய்லுபாய் பெரியவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எசெந்தூரு, என்னமா இருக்குப்பா இந்தக் கொம்பு வேல! மருமக கைவேலையா? எம் பேத்திக்கு ஆவணியில கல்யாணம். சீர்ல வெக்கிறதுக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தரச் சொல்லேன்."

"ஒண்ணு என்ன பெரியவரே, ரெண்டாவே செஞ்சு தருவா" என்றேன் நான்.

போர்சோக் பலகாரத் தட்டோடு உள்ளே வந்த ஜிபாரா அதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே போட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். மாமனார் முன்னால் அதைப் பேர் சொல்லி எப்படிச் சொல்வாள், பாவம்? நாங்கள் நான்கு பேரும் மூன்று பானைத் தேநீர் குடித்து முடித்தோம். சூடு ஆறவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிழவர்கள் போன பிறகு சைரகுல் என்னை உள்ளே இழுத்துப்போய், அது ஊர்ப் பெண்களுக்குப் பாடம் சொல்லச் செய்த கர்ப்பப்பை என்றாள். "முப்பது வருஷமா மாட்டு டாக்டரு. ஒரு பசுவா ரெண்டு பசுவா பாத்திருக்கீங்க? இதுகூடவா அடையாளம் தெரியல?" என்றும் கேட்டாள்.

கோபம் வந்தது. மறுநாள் காலையில் ஜிபாராவைக் கூப்பிட்டு, "இந்த வீட்ல இனிமே அந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்றேன். குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"சரி மாமா. ஒரே ஒரு சந்தேகம். மாட்டு சந்தேகம்தான். கேக்கலாமா?"

"மாட்டு சந்தேகம்னா கேளு."

"அந்தக் கருச்சிதைவு நோய்க்கு ஊசி போடறீங்களே, அத ஏன் கிடாரிக் கன்னா இருக்கும்போதே போட்டுடறீங்க? வளந்து பசுவானப்புறம் போட்டா ஆகாதா?"

"அட அறிவு கெட்ட பொண்ணே! நோய் வந்து தொடறதுக்கு முன்னாடி போட்டாத்தானே தடுப்பூசி? வந்தப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?"

"அப்படியா மாமா" என்றவள் மேலங்கிப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். நம் சின்ன மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த தாள். பதினோரு வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்கப் போடும் ஊசிக்கு அப்பன் சம்மதம் கேட்டது. இரண்டு வாரமாக நான் கையெழுத்துப் போடாமல் கிடந்த அதே தாள். "வயசுக்கு வராத பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கன்றுகளுக்கு ஊசி போட மலைக்கு மலை போய் மேய்ப்பர்களோடு மல்லுக்கட்டி நான் சொன்ன அதே வார்த்தைகளை என்னையே சொல்லவைத்து, என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள். கையெழுத்துப் போட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இதோடு விட்டாளா? போன வியாழக்கிழமை அந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை வண்டியை ஊருக்கே வரவழைத்துவிட்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளை வண்டி, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு லேடி டாக்டர், மடிக்கணினியோடு பட்டணத்தில் வளர்ந்த ஒரு நர்ஸ். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் நாற்பது பேர் காலையிலேயே வந்து புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் முதல் பெண்ணைக் கூப்பிட்டு, "குடும்பப் பேரு?" என்று கேட்டாள். அங்கேயே வண்டி நின்றுவிட்டது. நம் மருமகள்கள் புகுந்த வீட்டு ஆண்களின் பேரை வாயால் சொல்வார்களா? குடும்பப் பேர் என்பதே மாமனாரின் பேர் அல்லது அவருடைய அப்பாவின் பேர்! அடையாள அட்டையைக் காட்டலாமே என்றால், அட்டைகள் எல்லாம் மாமியார்களின் பெட்டியில். மாமியார்கள் பெட்டிச் சாவியோடு கோடை மேய்ச்சலுக்கு மலைமேல். அவர்கள் மலைமேல் இருப்பதால்தான் இவர்கள் இங்கே வரவே முடிந்தது என்பது வேறு விஷயம். "சரி, எழுதியாவது காட்டுங்க" என்று நர்ஸ் கெஞ்சினாளாம். "எழுதினா மட்டும் அது பேரு இல்லையா?" என்று கேட்டாளாம் ஒருத்தி. மதியம் வரை பதிவானது ஒரே ஒரு பேர், ரஷ்ய டீச்சருடையது. வண்டியைத் திருப்பலாமா என்று டாக்டர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் குதிரைக் குளம்புக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஜிபாரா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மாமா, கொஞ்சம் வாங்க. பேர் சொல்றதுக்கு ஒரு ஆம்பள வேணும்." வண்டியைத் திட்டிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், சத்தியமாக. போனால் நாற்பது பெண்களும் என் முகத்தையே பார்க்கிறார்கள். என்ன செய்வது? வண்டிக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலி போடச் சொல்லி, தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். மாமனார் பேரைத்தான் சொல்ல மாட்டார்கள், மாட்டைச் சொல்லலாம் இல்லையா?

"ஒத்தக் கொம்புக் கறுப்புப் பசு வீடுங்க."

"போன வருஷம் கால் ஒடஞ்சுதே, அதுவா? தொக்தோமுஷேவா. எழுதிக்கம்மா."

"ரெட்டக் கன்னு போட்ட மாடு..."

"சார்பாகிஷேவா. அந்த ரெண்டாவது கன்னு இப்ப நல்லா மேயுதா?"

இப்படியே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன், அனார். இந்த ஊரில் ஒரு மாடு பாக்கியில்லை. உட்கார்ந்தவன் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? எனக்குப் பக்கத்திலேயே ஜிபாரா அந்தக் கம்பளிக் கர்ப்பப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது கெட்டுப்போக ஒரு நாள் ரெண்டு நாள் ஆகாதுக்கா, பல வருஷம் ஆகும். வலி வர வரைக்கும் காத்திருந்தா அது முத்திடும். ஒரு தொந்தரவும் இல்லாதப்பவே பாக்கணும். வினிகர் மாதிரி ஒண்ணத் தடவி ஒரு நிமிஷம் பாப்பாங்க. கெட்டுப்போக ஆரம்பிச்ச இடம் வெள்ளையாத் தெரியும். அங்கயே சரி பண்ணிடலாம்." நூடுல்ஸில் ஊற்றுகிற வினிகர்! முப்பது வருஷம் மருந்துப் பெட்டி தூக்கினவன் நான், சமையலறை அலமாரியில் இருக்கிற ஒன்றை வைத்துச் சாவைக் கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கு நம் சாத்கின் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் போனாளே. ஈரல் கோளாறு என்று ஊருக்குச் சொன்னோம். ஈரல் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு மாதம் ரத்தப்போக்கு இருந்தும் யாரிடமும் சொல்லாமல் பால் கறந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் பின்னால் ஒரு குரல். "சேத்து நெறப் பசுங்க. நெத்தியில வெள்ள." அது என் வீட்டுப் பசு, அனார். சைரகுல் நிற்கிறாள். சின்னவளுக்குப் பரீட்சை என்று மலைக்குப் போகாமல் இருந்தவள். நாற்பத்தொன்பது வயது. சாயங்காலம் வரைக்கும் ஊரார் பேரையெல்லாம் முழங்கின நான் என் அப்பன் பேரைச் சொல்லவில்லை. வெட்கம் இல்லை, பயம். நான் பேரைச் சொன்னால் அவள் உள்ளே போவாள். உள்ளே போனால் ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது என்று ஒரு முட்டாள் கணக்கு. நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள். நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கல்மூர்சாயேவா" என்றாள் சைரகுல். "வீட்டுக்காரர் பேரு எசெந்தூர். எ-செந்-தூர். சரியாப் போட்டுக்கம்மா."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். நம் அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவர் பேரை அவள் உச்சரித்ததில்லை. என்னை இதுவரை "ஏங்க", "இந்தாங்க", "பிள்ளையோட அப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். குதிரை என்னை இழுத்துக்கொண்டு போன அன்றுகூட "ஏங்க" என்றுதான் கத்தினாள். அவள் வாயில் என் பேர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனவள் மற்றவர்களை விட அதிக நேரம் இருந்தாள். வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தேநீரை வாங்கிக் குடித்தாள்.

"கொஞ்சம் வெள்ள தெரிஞ்சுது. சூடான ஒரு சின்னக் கம்பிய ஒரு நிமிஷம் வெச்சாங்க. முடிஞ்சுது. இது இன்னும் புற்றுநோய் ஆகல, ஆகறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

"வலிச்சுதா?"

"பல்லு புடுங்கின அளவுகூட இல்ல. எழுந்திருங்க, பால் கறக்கணும். ஒரு வாரத்துக்கு நான் கனமாத் தூக்கக் கூடாதாம். வாளி உங்களுது."

அனார், நான் அப்படியே பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். சாத்கின் அக்காவை எந்த நோய் எட்டு மாதம் உருக்கிக் கொன்று, அவள் பிள்ளைகள் மூன்று பேரையும் மூன்று வீட்டுக்குப் பிரித்துப் போட்டதோ, அதே நோய் என் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. வந்ததை ஒரு நிமிஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவள் யார்? என் முன்னால் தலை நிமிராத, தட்டைக் கீழே போடுகிற, இருபத்தாறு வயதுப் பெண். அன்று மாலை ஜிபாரா நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மலையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அந்தத் தேநீர் உறை நல்லாத்தான் இருக்கு" என்றுதான் வாயில் வந்தது.

இருந்தாலும் மானம் போனது போனதுதான். கொய்லுபாய் பெரியவர் பேத்தியின் சீருக்கு இரண்டு உறை கேட்டுத் தினமும் ஆள் அனுப்புகிறார். ஆகவே மருமகளைக் கண்டிக்க நீ வந்தே ஆக வேண்டும் என்ற என் முடிவில் மாற்றமில்லை.

கைகளை விரித்து வேண்டிக்கொள்கிறேன். உன் கூடாரத்தின் உச்சி வளையம் தாழாமல் இருக்கட்டும். அடுப்பில் நெருப்பும் விரிப்பில் ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும். ஓமின்.

உன் அண்ணன்,
எசெந்தூர்

பி.கு.: யாரையும் கண்டிக்க நீ வர வேண்டாம். வருகிற புதன்கிழமை அந்த வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது. ஜிபாராவும் நானும் அதில்தான் வருகிறோம். பட்டியலில் முதல் ஆளாக உன்னை எழுதிக் கொடுத்துவிட்டேன், வயது நாற்பத்தாறு என்று. நீ ஊரில் சொல்லிக்கொள்ளும் முப்பத்தொன்பது செல்லாது. மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சொல்லாதே. வண்டிக்குள் போகும்வரை சைரகுலுக்கும் ஒன்றும் இல்லைதான். சாத்கின் அக்காவை ஆஸ்பத்திரிக்கு நான் வண்டியில் வைக்கோல் பரப்பி, படுக்க வைத்துக் கூட்டிப் போனேன். நீ உன் காலால் நடந்து வா.