சம்பந்தி வீட்டாருடன் ஆடாத ஆட்டம்

அருப்புக்கோட்டை,
18-6-1971.

மதிப்புக்குரிய மைத்துனர் சௌடையா அவர்களுக்கு அப்பாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் உங்கள் தங்கை சௌடம்மாளும் மகள் கங்கம்மாளும் உடம்பளவில் சௌக்கியம். சேலத்தில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் உடம்பளவிலும் மனதளவிலும் சௌக்கியமாக இருக்கும்படி சௌடேஸ்வரி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கங்கம்மாள் நிச்சயதார்த்தத்துக்குத் தாங்கள் காய்ச்சல் கண்டு வர முடியாமல் போனது பற்றி அன்று மிகவும் வருத்தப்பட்டேன். இப்போது அவ்வளவு வருத்தம் இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் திருச்சுழி ஜவுளிக்கடை அப்பய்யா நம்மவர், நல்லவர், வீட்டுக்குள் கன்னடம் பேசும்போது குரல்கூட உயராது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது, சாப்பாடும் குறைவில்லாமல் முடிந்து, தட்டு மாற்ற ஐந்து நிமிடம் இருக்கிறது என்று புரோகிதர் சொன்ன அந்த ஐந்து நிமிடத்தில்தான், மச்சான், எல்லாம் நடந்தது. அப்பய்யா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க திருச்சுழியில இதுவரைக்கும் பாஸ்கட்பால் ஆடுனவுகள்ல தேர்ந்த அஞ்சு பேரை எடுத்து, உங்க ஊருல இதுவரைக்கும் ஆடுனவுகள்ல தேர்ந்த அஞ்சு பேரோட மோதவிட்டா, உங்க ஆளுக இருபது பாயிண்டைத் தாண்ட மாட்டாக" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் திருச்சுழிக்குத் தலைவராக ஆடியவர். நான் அருப்புக்கோட்டைக்கு என்னவாக இருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும். பெஞ்சு. பதினோரு வருஷம் பெஞ்சு. பந்துக்குக் காற்றடிப்பது என் பொறுப்பு, பம்பு வாங்க வசதியில்லாமல் வாயால்தான் ஊதினேன், ஆகவே என் மூச்சு இல்லாமல் அருப்புக்கோட்டை ஒரு ஆட்டமும் ஆடியதில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் சும்மா இருந்திருக்கலாம். "இருளாண்டி இருக்கையிலயா?" என்று கேட்டுவிட்டேன்.

இருளாண்டி நம் ஊர் வண்டிக்காரர், ஆறடி இரண்டங்குலம், கையைத் தூக்கினால் வளையத்தைத் தொடுவார். "அவரு செத்துப் பதிமூணு வருசமாச்சே" என்றார் அப்பய்யா. "இதுவரைக்கும் ஆடுனவுகன்னு நீங்கதானே சொன்னீக, அதுல செத்தவுகளும் உண்டுதானே" என்றேன். அதற்கு அவர், அப்படியானால் இன்றைக்கு பஸ் கண்டக்டராக இருக்கும் பால்பாண்டியை இருபத்திரண்டு வயதில் இறக்குவேன் என்றார். கன்னடத்தில் தொடங்கிய பேச்சு வாசலுக்கு வந்ததும் தமிழாகிவிட்டது, தெருவுக்கும் புரிய வேண்டுமல்லவா. தட்டு இரண்டும் நடுக்கூடத்தில் அப்படியே இருந்தன. கடைசியில் அப்பய்யா செருப்பை மாட்டிக்கொண்டு, "யாரு ஜெயிப்பாகன்னு முடிவாகட்டும், அதுக்கப்புறம் தட்டு மாத்துவோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். உங்கள் தங்கை என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ரசம் மட்டும் மூன்று நாளைக்கு அதே ரசம்.

அதன்பிறகு ஒரு வாரம் சீட்டுப் போக்குவரத்து. அவர் எழுதும் சீட்டை திருச்சுழி பஸ்ஸில் பால்பாண்டியே கொண்டுவருவார், என் பதிலை அவரே கொண்டுபோவார். இரண்டாம் நாள் சீட்டைக் கொடுத்துவிட்டுப் படியில் நின்றபடி, "அண்ணே, இருபத்திரண்டு வயசுல என்னைய எறக்குறதாப் பேசிக்கிறாகளாம். அந்த வருசம் நான் அம்மை போட்டுக் கெடந்தேன், பந்தையே தொடலை. இருபத்தி மூணு ஆக்கச் சொல்லுங்க" என்று சொல்லி விசிலடித்துவிட்டுப் போய்விட்டார். எதிரணி ஆளாக இருந்தாலும் நியாயம் என்று ஒத்துக்கொண்டேன். அடுத்தது வளையம். நம் வளையம் கொல்லர் அளவெடுத்து அடித்தது, அவர்களுடையதோ கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாலின் இரும்பு விளிம்பைக் கழற்றி மாட்டியது, நான்கு விரல் அகலம் கூடுதல், அதில் பூசணிக்காயைக்கூடப் போடலாம். கடைசியில் முன்பாதி நம் வளையத்தில், பின்பாதி அவர்கள் வளையத்தில் என்று முடிவாயிற்று. எந்த வளையமும் இப்போது இல்லை என்பதை உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து சொன்னாள். நான் அதைச் சீட்டில் எழுதவில்லை.

நடுவர் யார் என்றால், மிளகாய் வத்தல் மண்டி மீரா சாகிபு. அந்தக் காலத்து நடுவர், விசிலை இன்னும் வைத்திருக்கிறார். அவர் அருப்புக்கோட்டை, மனைவி ஹலீமா திருச்சுழிப் பக்கம், ஆகையால் அப்பய்யாவும் சம்மதித்தார். சாகிபு ஒரே சட்டம் போட்டார். "ஆடுறது வாயாலதான். ஆனா ஒரு ஆளு நெசமாச் செஞ்சதைத்தான் சொல்லணும். செய்யாததைச் சொன்னா விசிலு."

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டியில் ஆட்டம் தொடங்கியது. நடுவில் சாகிபு, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அப்பய்யா, பாயிண்டுக்கு ஒரு மிளகாய் வத்தல் என்று இரண்டு குவியல். தறிகளை நிறுத்திவிட்டு ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். "பால்பாண்டி எடது கையால போடுறான்" என்றார் அப்பய்யா. விசில். "எடது கையால அவன் சோத்தைக்கூடத் தொட்டதில்லை" என்றார் சாகிபு. அங்கேயே நின்ற பால்பாண்டியும் ஆமாம் என்று தலையாட்டினார். நான், "இருளாண்டி ரெண்டு பேருக்கு மேல எம்பிப் போடுறாரு" என்றேன், அது ஊருக்கே தெரிந்தது, வத்தல் விழுந்தது. மண்டி என்பதால் கூட்டத்தில் தும்மல் ஓயவில்லை. ஒரு தும்மலினால் தன் ஆள் குறி தவறினான் என்று அப்பய்யா வழக்காட, சாகிபு அந்த எறிவை மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டது உள்ளே போயிற்று. தும்மியவரை நம் ஊர்க்காரர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முடிய ஒரு நிமிடம். அவர்கள் நாற்பத்திரண்டு, நாம் நாற்பத்தொன்று. அப்போது சாகிபு விசிலை ஊதி, இருளாண்டிக்கு ஐந்தாவது பவுல், ஆளை இடித்துவிட்டார், வெளியே போக வேண்டும் என்றார். சாக்குகளுக்கு அப்பால் வத்தல் ஆய்ந்துகொண்டிருந்த ஜக்கம்மாள் எழுந்து வந்தார். இருளாண்டியின் மனைவி. நாங்கள் யாரும் அவர் அங்கே இருப்பதை நினைக்கவே இல்லை, மச்சான்.

"அவுகளை எதுக்கு வெளிய அனுப்புறீக?"

"அஞ்சு பவுல் ஆயிருச்சும்மா. சட்டம்" என்றார் சாகிபு.

"உசுரோட இருந்தப்ப அவுக ஒருத்தரையும் இடிச்சதில்லை. செத்தப்புறமா இடிக்கப்போறாக?"

அப்பய்யா தன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சாகிபு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இடித்தது தெரியாமல் நடந்தது, இருளாண்டியின் பேருக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் கொடுத்த பவுலைத் திரும்ப வாங்க நடுவருக்கு அதிகாரமில்லை என்று மெதுவாகச் சொன்னார். ஜக்கம்மாள் கொஞ்சம் யோசித்து, "வெளியன்னா எங்க உக்காருவாக? வெயிலு அவுகளுக்கு ஆகாது" என்று கேட்டார். "நெழல்லதாம்மா, பெஞ்சுல" என்றேன் நான். "அப்பச் சரி" என்று சொல்லி, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.

இனி நான்கு பேர்தான். மாற்று ஆள் யார் என்று சாகிபு கேட்டார். நம் ஊர்க்காரர்கள் யார் யார் பெயரையோ சொன்னார்கள், என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அப்பய்யாதான் சொன்னார். "சம்பந்தி எறங்கட்டும். பதினோரு வருசமா உக்காந்திருக்காரு." சாகிபு திகைத்துவிட்டார். "இவரு நெசமாச் செஞ்சது ஒண்ணும் யாருக்கும் தெரியாதே. என்னத்தை வச்சுத் தீர்ப்புச் சொல்ல?" என்றவர், கடைசியில் என் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். நான் இறங்கினேன். பந்து என் கைக்கு வந்தது, கூடையைப் பார்த்து எம்பினேன், பால்பாண்டி கையில் அடித்துவிட்டார். "ஆமா, நாந்தான் அடிச்சேன். வேணும்னு இல்லை" என்று அவரே ஒத்துக்கொண்டார். எனக்கு ப்ரீ த்ரோ. உள்ளே போனால் சமன். மண்டியில் ஒரு தும்மல் இல்லை. போயிற்று என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணை மூடினேன். கோட்டில் நின்றேன். எறிந்தேன். மச்சான், பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது. நான் என்ன செய்வேன், கண்ணால் பார்த்தேனே. "போகலை" என்று சொன்னேன். சாகிபு கடைசி விசிலை ஊதிவிட்டார், ஒரு வத்தலில் தோற்றோம்.

நம் ஊர்க்காரர்கள் என்னைத் திட்டியதை இதில் எழுத முடியாது. அப்பய்யா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, வத்தலாகவும் இருக்கலாம். "போச்சுன்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்யா" என்றார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, வாடிய வெற்றிலையை மாற்றி வைத்து, தட்டு மாற்றிக்கொண்டோம். ஆவணி மாதம் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் பத்து நாள் முன்னதாகவே குடும்பத்துடன் வந்துசேர்ந்து முன்நின்று நடத்திக்கொடுக்க வேண்டும். ரயிலுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடவும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். அம்மன் எல்லோரையும் கலகமில்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அப்பாசாமி.

பின்குறிப்பு: ரயிலுக்குச் சொல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பால்பாண்டி பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எறியும்போது கையில் அடித்தால் ஒன்றல்ல, இரண்டு ப்ரீ த்ரோ என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறதாம். சாகிபுக்கு மறந்துவிட்டதாம். ஆட்டம் முடியவில்லை, முடியாத ஆட்டத்தில் ஜெயித்ததாக வைத்துக்கொண்டு மகனுக்குக் கல்யாணம் செய்ய மனம் ஒப்பவில்லை என்று அப்பய்யா தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வரும் ஞாயிறு நான் இரண்டாவதை எறிய வேண்டும். கங்கம்மாள் என்னிடம் பேசுவதில்லை. இந்தத் தடவை மனசாட்சி போதாது, நான் வாழ்நாளில் ஒரு முறையாவது கூடையில் போட்டதைப் பார்த்த சாட்சி வேண்டும் என்று சாகிபு சொல்லிவிட்டார். தாங்கள் இந்த ஊரில் இருந்த காலத்தில் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் வருவீர்களே, நன்றாக யோசித்துப் பார்த்து மறு தபாலில் எழுதவும். மற்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை.