குப்பைக்கூடை உபயம்: கொம்பையா

ஒரு காட்டில் போர் முடிந்ததும், சாகாதவர்கள் எல்லாம் சேர்ந்து செத்தவர்களுக்காக ஒரு குழு அமைத்தார்கள். போர் நடந்த நாளெல்லாம் வயிற்றுவலி என்று குகையை விட்டு வெளியே தலைகாட்டாத நரியார் அதற்குத் தலைவரானார். யானை உயரத்துக்கு நினைவுக்கல் எழும்பியது.

திறப்பு விழாவுக்கு வடிவு என்ற கீரி முதல் ஆளாக வந்து நின்றாள். செந்நாய்கள் புகுந்த அன்று ஓடையை மறித்து நின்று செத்தவன் அவள் அண்ணன் கொம்பையா. உடம்புகூடக் கிடைக்கவில்லை. பெயரையாவது தொட்டுப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள்.

திரை விலகியது. திறந்துவைத்தவர் சிங்கம். தலைமை புலி. முன்னிலை கரடி. மணல் உபயம், தண்ணீர் உபயம், திரைத்துணி உபயம் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அடியில், புல் மறைக்கிற இடத்தில், 'போரில் உயிர்நீத்த மற்றும் பலர்.'

வடிவு நேரே நரியாரிடம் போனாள். செத்தவர்களில் ஒருவர் பெயரைப் போட்டால் இன்னொருவர் வீட்டில் மனவருத்தம் வரும், அதனால் யார் பெயரையும் போடாமல் எல்லோரையும் சமமாக மதித்திருக்கிறோம் என்றார் அவர். அப்படியானால் உயிரோடு இருப்பவர்கள் பெயர் மட்டும் எதற்கு என்று மடக்கினாள்.

"அவங்கதானே, தங்கச்சி, வந்து படிக்கப்போறாங்க? சரி, உங்க அண்ணன் ஏதாவது கொடுத்தாரா?"

"உயிரைக் கொடுத்தான்."

"அது இருக்கட்டும். பொருளா ஏதாவது?"

வடிவு வீட்டுக்குப் போய், பல் கூசக் கூச மூங்கிலைக் கடித்துக் கிழித்து, ஒரு குப்பைக்கூடை முடைந்து, அண்ணன் பெயரில் கொடுத்தாள். உடனே மரங்கொத்தி வந்து கல்லில் திரைத்துணி உபயத்துக்குக் கீழே கொத்திவிட்டுப் போனது: 'குப்பைக்கூடை உபயம்: கொம்பையா.' அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுவருட நினைவுநாளில் நரியார் கல்லைப் பார்த்துப் படித்து உபயதாரர்களைப் பொன்னாடைக்கு அழைத்தார். கொம்பையாவை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் ஆள் வரவில்லை. இவ்வளவு மரியாதை செய்கிறோம், ஒரு நடை வந்தால் குறைந்தா போய்விடுவார் என்று மைக்கிலேயே குறைப்பட்டுக்கொண்டார்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அவன் ஓடையிலேயே செத்துட்டான் ஐயா. உங்களுக்காகத்தான் செத்தான்."

குழு அங்கேயே கூடிப் பேசியது. செத்தவர் பெயர் ஒன்று எப்படியோ கல்லில் ஏறிவிட்டதற்கு நரியார் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மரங்கொத்தி வந்து கொம்பையாவைச் சுரண்டி எடுத்தது.

கூடையை மட்டும் திருப்பித் தரவில்லை.

நீதி: நாட்டுக்காக எதை வேண்டுமானாலும் கொடுங்கள், உயிரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்லில் அதற்கு இடமில்லை.