பிழையே விடாத கருவி

மனித குலம் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் மாடியில், ஏ.சி. ஒழுங்காக ஓடாத ஒரு நிறுவனக் கூட்ட அறையில், 'வளைந்துகொடுக்கும் பிழைதிருத்தக் குறியீடு' முழுமை பெற்ற அன்றுதான் மனித குலம் மறுபடி ஓர் அடி எடுத்து வைத்தது.

குறியீட்டை உருவாக்கியவள் அந்த நிறுவனத்தின் பொறியாளர். தீயணைப்பு வீரர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கம்பியில்லாக் கருவிக்காக உருவாக்கினாள். அவள் கணவரும் தீயணைப்பு வீரர்தான். அதனால் அவளுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை. நிர்வாகம் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டது.

விஷயம் எளிது. கருவியில் பதினாறு பொத்தான்கள். தண்ணீர் தீர்ந்தது, ஏணி வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி. புகையும் கான்கிரீட்டும் குறுக்கே நின்றால் அலைவரிசையில் இரைச்சல் புகுந்து செய்தி சிதைந்து போய்ச் சேரும். அது எந்தச் செய்தியை அதிகம் ஒத்திருக்கிறதோ, அதுவாகவே கட்டுப்பாட்டு அறை திருத்திக்கொள்ளும். செய்திகள் பல என்றால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடும் ஆபத்தும் அதிகம். எனவே இரைச்சல் கூடக்கூடக் கருவி தானாகவே செய்திகளைக் குறைத்துக்கொள்ளும். படுமோசமான நிலையில் இரண்டே மிஞ்சும்: 'எல்லாம் சரி', 'காப்பாற்றுங்கள்'.

"ரெண்டு இருக்கும்போது பிழை எவ்வளவு வரும்?" என்று கேட்டார் இயக்குநர்.

"நூத்துக்கு ஒண்ணு ரெண்டு சார். அந்த நிலைமைக்கு அது ரொம்ப நல்ல அளவு."

"பதினாறும் இருந்தா?"

"முப்பது நாப்பது வரும்."

"ஆக, குறைக்கக் குறைக்கப் பிழையும் குறையுது. அப்புறம் ஏம்மா ரெண்டோட நின்னுட்டீங்க?"

அறை மூச்சை அடக்கிக்கொண்டது. மேதைமை இப்படித்தான் வரும். படிப்பு குறுக்கே நிற்காத இடமாகப் பார்த்து வரும்.

"ஒண்ணு மட்டும் வெச்சா பிழையே வராது சார். ஆனா சேதியும் வராது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்த ஒண்ணுதானே போகும்?"

"பிழை வராதுல்ல? அதைச் சொல்லுங்க."

"வராது சார், ஆனா..."

"எழுதிக்கோங்க. பிழை, பூஜ்யம்."

எந்த ஒன்றை வைத்துக்கொள்வது என்ற தத்துவச் சிக்கலை விற்பனை மேலாளர் தீர்த்துவைத்தார். "'காப்பாற்றுங்கள்'னு வெச்சா ஒவ்வொரு தடவையும் வண்டி அனுப்பணும். வாங்கறவங்க முகம் சுளிப்பாங்க. 'எல்லாம் சரி', கேக்கறதுக்கே இதமா இருக்கு சார்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொறியாளரின் எதிர்ப்பு, கூட்டக் குறிப்பில் 'இரைச்சல்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றது.

"நாளைக்கு உங்க ஆபீஸ்ல வெள்ளோட்டமாம். என்னைத்தான் போகச் சொல்லியிருக்காங்க" என்றார் கணவர் ஒரு நாள் இரவு வீட்டில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"வேணாங்க. லீவு போட்டுடுங்க. புகை அதிகமானா அது பொய் சொல்லும்."

"அட, சும்மா மெஷின் விடற புகைதானே? நீ செஞ்சதை நானே நம்பலேன்னா வேற யாரு நம்புவா?"



மறுநாள் அடித்தளத்தில் புகை இயந்திரம் ஓடியது. கணவர் கருவியோடு உள்ளே போனார். கருவியை வாங்க வந்த விருந்தினர்கள் மேலே குளிர்பானமும் கையுமாகப் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எல்லாம் சரி' என்றது திரை. கைதட்டினார்கள். எல்லாம் சரி. எல்லாம் சரி. எல்லாம் சரி. தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது.

பொறியாளருக்குச் சுருக்கென்றது. காய்ச்சலில் கிடக்கும்போதுகூட 'நல்லாத்தான் இருக்கேன்' என்று ஒரு தடவைக்கு மேல் சொல்லாத மனுஷர் அவர்.

"சார், அவரு ஏதோ ஆபத்துல இருக்காரு!"

"திரையைப் பாருங்கம்மா. எவ்வளவு தெளிவாச் சொல்லுது!"

"திரை பொய் சொல்லுது சார்!"

"பிழை வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உக்காருங்க, விருந்தாளிங்க பாக்கறாங்க."

அவள் உட்காரவில்லை. படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். அடித்தளக் கதவின் தாழ் சிக்கிக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைக் கழற்றி, தாழ் தெறிக்கும்வரை இடித்தாள். உள்ளே புகை இயந்திரமே பற்றி எரிந்துகொண்டிருந்தது. கணவர் தவழ்ந்து வெளியே வந்தார், புருவம் பொசுங்கியிருந்தது. அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள்.

இயக்குநர் விருந்தினர் புடைசூழ இறங்கி வந்தார்.

"காப்பாத்துங்கன்னு விரல் தேயத் தேய அமுக்கினேன் சார்," என்று இருமினார் கணவர். "ஒருத்தருமே வரலியே!"

இயக்குநர் அவர் தோளைப் பரிவோடு தட்டினார். "அது உங்க பிழை தம்பி. நம்ம கருவி உடனுக்குடனே திருத்திடுச்சு."

விருந்தினர்கள் நெகிழ்ந்துபோய், ஊரிலுள்ள எல்லாத் தீயணைப்பு நிலையங்களுக்கும் அதையே வாங்குவதாக அங்கேயே அறிவித்தார்கள்.

வெள்ளோட்டம் பற்றிய அறிக்கை அந்த வாரமே வெளிவந்தது. நேர்மையான அறிக்கை; எதையும் மூடி மறைக்கவில்லை. கருவியில் பிழை ஏதும் காணப்படவில்லை என்றும், நிகழ்ச்சியில் நேர்ந்த ஒரே பிழை ஊழியர் ஒருவர் அனுமதியின்றிக் கதவைத் திறந்துவிட்டது என்றும், அடுத்த முறை அதுவும் நேராதபடி பார்த்துக்கொள்ளப்படும் என்றும் அதில் கண்டிருந்தது.