ஆத்தூர் வீட்டுப் பேய்க்குப் பட்டுச்சேலை

ஸ்டான்லி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அவன் முடிவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது அவன் குடியிருக்கும் நாகல் நகருக்கே தெரியும். ஒன்றும் நடக்காது. ஆனாலும் வந்தான். ஆத்தூருக்குக் குடிபோவதில்லை. தலையே போனாலும் போவதில்லை.

ஆத்தூரில் அவனுடைய மாமியார் செபாஸ்தியம்மாளுக்கு அடுத்தடுத்து இரண்டு வீடு. ஒன்றில் அவர் தனியாக இருக்கிறார். இன்னொன்றில் குடியிருந்த வாத்தியார் ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது. "சொந்த வீடு சும்மா கெடக்குது, நாம இங்க புறாக்கூட்டுல கெடக்கோம்" என்று மனைவி அன்புக்கரசி காலையில் காபியோடு ஆரம்பித்தால் ராத்திரி பாயைத் தட்டிப் போடும்வரை விடமாட்டாள்.

செபாஸ்தியம்மாள் நல்ல மனுஷி. அதுதான் பிரச்சினையே. மாப்பிள்ளை ஊருக்கு வந்தால் விடியுமுன்னே ஜெபத்துக்கு எழுப்புவார். ஜெபம் முடிந்ததும் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்புவார். பாய்ச்சிவிட்டு நாக்குத் தள்ளி வந்து நின்றால், "ஏன் மாப்ள இப்பிடி எளைச்சுட்டீங்க?" என்று கண் கலங்குவார். இரண்டு நாளைக்கே இந்தக் கதி. பக்கத்து வீட்டிலேயே குடிவைத்தால் ஆள் தேறுவானா?

ஸ்டான்லி கல்யாண வீடியோக்காரன். எடுப்பது மட்டும்தான் அவன். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது, மாப்பிள்ளை பொண்ணு தலையில் ரோஜாப்பூ கொட்டுவது எல்லாம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் அன்புக்கரசி. தான் எடுத்ததைத் தானே திரும்பிப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவனுக்குக் கிடையாது. கார்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான்.

அப்படி டீக்கடையில் உட்கார்ந்து போனில் ஒரு பேய்ப்படம் பார்த்தபோதுதான் அவனுக்கு ஞானம் பிறந்தது. எவனோ ஒருத்தன் கேமராவோடு ஒரு வீட்டுக்குள் போகிறான். ஆளைக் காணோம். கேமரா மட்டும் கிடைக்கிறது. அதில் பதிவாகியிருப்பதுதான் மொத்தப் படமும். லைட் போடுகிற கூட்டாளி சோலைமலையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ஏலே சோலை, எடிட்டிங் கெடையாது, பாட்டு கெடையாது. எடுத்தத அப்பிடியே போட்டா அதான் படமாம். இப்பிடி ஒரு வகை இருக்குன்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லலையேடா!"

"கதை?"

"முதப் பாதில ஒண்ணுமே நடக்கக் கூடாது. கதவு, ஜன்னல், செவுருன்னு காட்டிக்கிட்டே இருக்கணும்."

"நம்ம கல்யாண வீடியோ மாதிரி."

"அப்பறம் உள்ள ஏதோ சத்தம் கேக்கும். கேமரா புடிச்சவன் வெளிய ஓடாம சத்தம் வந்த ரூமுக்கே போவான்."

"ஏன், கூறு இல்லையா அவனுக்கு?"

"கூறு இருந்தா படம் அங்கயே முடிஞ்சிரும்ல? போறான். அங்க நீ நிக்கிற. கேமரா கீழ விழுகுது. அம்புட்டுதான்."

"நான் எதுக்குப்பா அங்க நிக்கிறேன்?"

"நீதான் பேயி."

மாமியார் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து இருவரும் ஆத்தூருக்கு வண்டியை விட்டார்கள். ராத்திரியில் எடுக்கலாம்தான். ஆனால் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ராத்திரியில் நுழைய ஸ்டான்லிக்குப் பயம். ஆகவே பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணியைக் கட்டி நடுநிசியை உண்டாக்கினான். பேய் என்றால் வெள்ளைச் சேலை என்பது ஊருலக வழக்கம். "வெள்ளைச் சேலை லைட்ல வெளுத்துரும், அரக்குதான் எடுப்பா இருக்கும்" என்று தொழில் சுத்தமாகச் சொல்லி, வீட்டு பீரோவிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த அன்புக்கரசியின் கல்யாணப் பட்டைச் சோலைமலைக்குச் சுற்றிவிட்டான். படம் எடுத்தது வாத்தியார்தான் என்று தோன்ற, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் குரலில் பேசினான். கடைசியில் சம்பிரதாயம் தவறாமல் கேமராவைக் கீழே போட்டான். பழைய சாக்கின் மேல்தான் போட்டான், சொந்தக் கேமரா அல்லவா. பிறகு இருவரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து, வாய்விட்டுச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் அன்புக்கரசி வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டான்லி முகத்தைப் பேயறைந்த மாதிரி வைத்துக்கொண்டு கார்டை நீட்டினான்.

"வாத்தியார் இருந்த வீட்ல, பரண் மேல கெடந்துச்சு. நீயே பாரு. என்னால சொல்ல முடியல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கார்டைச் செருகினாள். கதவு வந்தது. ஜன்னல் வந்தது. செவுரு வந்தது.

"வாத்தியாருக்கு சளியா?"

"பயத்துல தொண்டை அடைச்சிருக்கும்."

"நடுராத்திரி பன்னெண்டு மணிங்கிறாரு. சின்ன வெங்காயம் பெரிய வெங்காயம்னு வெளிய வண்டி போகுது?"

"ஒட்டன்சத்திரம் லோடு. ராத்திரிலதான் போகும்."

"மைக்குல வித்துக்கிட்டேவா?"

நல்ல வேளையாகப் பேய் வந்துவிட்டது. கேமரா பேயின் காலிலிருந்து ஆரம்பித்தது. சேலைக் கரை, முந்தானை, கழுத்து என்று ஆற அமர ஏறி முகத்துக்குப் போனது. துளி ஆட்டம் இல்லை. அந்தக் கை ஆயிரம் கல்யாணப் பொண்ணை அப்படித்தான் எடுத்திருக்கிறது. கூடவே குரலும் வந்தது. "லேசா தலையத் தூக்குங்க... ஆங், இங்க பாருங்க."

"வாத்தியார் பேய்கிட்ட என்னமோ சொல்றாரு?"

"கெஞ்சுறாரு. உயிர்ப் பிச்சை கேக்குறாரு."

"பட்டுச்சேலை கட்டுன பேயி. நல்ல வசதியான குடும்பம் போல."

கேமரா விழுந்தது. சாய்ந்த படத்தில் பேயின் கால் இரண்டும் தெரிந்தன. ஸ்டான்லி பாய்ந்து படத்தை நிறுத்தினான்.

"இம்புட்டுதான்! இதுக்கு மேல என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது!"

திரையின் அடியில் ஓடுகிற கோடு இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. தான் எடுத்ததைத் தானே பார்க்காதவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அன்புக்கரசிக்குத் தெரிந்தது.

"இந்த மாதிரிப் படத்துல கேமரா புடிச்சவன் கடைசில உயிரோட இருக்கக் கூடாதுங்க. அதான் மொறை. வாத்தியாரு போன வாரங்கூட அம்மாவுக்கு போன் பண்ணாரே?"

"நீ இந்த மாதிரிப் படமெல்லாம் பாப்பியா?"

"கம்ப்யூட்டர் கல்யாண வீடியோவ ஏத்துற வரைக்கும் வேற என்னத்த பாக்குறது? கெட்டிமேளமா?" என்றவள் திடீரென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இருந்தாலும் எனக்குப் பயமா இருக்குங்க. அம்மாவுக்கும் காட்டிர்றேன்."

"காட்டு, காட்டு! நல்லாக் காட்டு!" என்றான் ஸ்டான்லி. அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் பஜ்ஜி அவன் கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூருக்கு வரச்சொல்லி மாமியாரிடமிருந்து தாக்கல் வந்தது. போனால் வாசலில் பந்தல். வேறு குடும்பமாக இருந்தால் பேய் வீட்டைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டிருப்பார்கள். செபாஸ்தியம்மாள் குடும்பத்தில் பேய் என்றால் ஃபாதரைக் கூப்பிடுவார்கள். ஃபாதர் வந்தால் வீடு மந்திரிப்பார். மந்திரித்த வீட்டில் அன்றைக்கே பால் காய்ச்சிக் குடியேறிவிட வேண்டும். வருஷம் முழுக்க வீடு மந்திரிப்புக்கு வீடியோ எடுக்கிற ஸ்டான்லிக்கு இது மட்டும் உறைக்காமல் போய்விட்டது.

"நல்ல வேளை மாப்ள, நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க" என்றார் செபாஸ்தியம்மாள். "அந்த வாத்தியார் ஏன் அவசரமா காலி பண்ணாருன்னு இப்பல்ல வெளங்குது!"

ஃபாதர் மூலை மூலையாகத் தீர்த்தம் தெளித்தார். அடுப்படியில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டான்லி அன்புக்கரசியை ஓரமாக இழுத்தான்.

"அடியே, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்தேன். சோலைமலைக்குச் சேலை கட்டிவிட்டேன். போதுமா? கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"தெரியும். என் கல்யாணச் சேலை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இம்புட்டுக் கூத்து?"

"நீங்க கேமராவக் கீழ போட்டீங்களே, நிப்பாட்டுனீங்களா?"

ஸ்டான்லி யோசித்தான். அந்த வகைப் படங்களில் விழுந்த கேமராவை யாரும் நிறுத்துவதில்லை. அவனும் நிறுத்தவில்லை.

"புரோட்டா தின்னுக்கிட்டே எங்க அம்மாவ என்னென்ன சொன்னீங்க? பேய்க்கு வேசமே போட வேணாம், ஒரிஜினல் பக்கத்து வீட்லயே இருக்குன்னீங்க. பாவம் சோலையண்ணன், தப்பு தப்புன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அம்மாவுக்குப் பாதிதான் காட்டியிருக்கேன்." அவள் பாலை இறக்கி வைத்தாள். "மீதியையும் காட்டட்டுமா?"

"வேணாம் தாயி."

"அப்ப பேய் இருந்துச்சு. ஃபாதர் வெரட்டிட்டாரு. சரியா?"

"இருந்துச்சு" என்றான் ஸ்டான்லி. "நானே கண்ணால பாத்தேன்."

பந்திக்குப் பிறகு சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். சரி, பக்கத்து வீடுதானே, நடுவில் ஒரு சுவராவது இருக்கிறதே என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அங்கே செபாஸ்தியம்மாள் தன் கயிற்றுக்கட்டிலை ஒரு பக்கம் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். தலையணையும் ஜெபமாலையும் அதன் மேல் இருந்தன.

"அத்தை, கட்டில் எதுக்கு? அதான் பேய ஃபாதர் வெரட்டிட்டாரே!"

"ஆமா மாப்ள. இங்கேருந்து வெரட்டுன பேயி, பக்கத்து வீட்டுக்குத்தானே வந்திருக்கும்? செத்த அந்தப் பக்கம் புடிங்க, இனி நான் இங்கதான்."