கட்டில் விரிப்பு மாத்தியாச்சு

லிஸ்பன்,
அந்தோணியார் திருநாள் முடிந்த வாரம்.

என் அன்பு மகள் ஒடீலியாவுக்கு உன் அப்பா பெல்மீரோ ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கூரை, மாடிப்படி எல்லாரும் நலம். படி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. நானும்தான் ஆடுகிறேன், அதனால் தெரிவதில்லை. அங்கே லக்சம்பர்க்கில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நலமாக இருக்க, காணாமல் போனதையெல்லாம் தேடிக் கொடுக்கிற நம் அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இனி அங்கேயே வீடு பார்க்கப் போவதாகவும், இந்தத் திருநாளுக்கும் வர முடியாது என்றும் எழுதியிருந்தாய். அதுவும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கும் சந்தோஷம். சந்தோஷத்தில் அன்றைக்கு மத்தி மீனைக் கருக்கிவிட்டாள். நானும் சந்தோஷத்தில் அதைத் தின்றுவிட்டேன். ஆகவே எங்களைப் பற்றி நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதை அவசரமாக எழுதக் காரணம் வேறு. செடி விற்கிற எர்மெலிந்தாவின் அக்கா மகள் உன் ஊரில்தான் இருக்கிறாள். நம் தெருவில் நடந்த கூத்து அவள் வாய் வழியாக உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திருநாளுக்கு உன் அப்பா ஆபாசப் பாட்டு எழுதினார் என்று அவள் சொல்வாள். எழுதினேன் என்பது உண்மை. ஆபாசம் என்பதுதான் பொய்.

உன் கடிதத்தோடு வந்த புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பித்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். குழாய்க்காரன் கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த கவிதை நாலு வரி. இரண்டாவதும் நாலாவதும் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்ட வேண்டும். உன் கவிதைகளில் எந்த வரியும் எந்த வரியையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே மாடியில் பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருக்கிறவர்கள் மாதிரி இருந்தன. இருந்தாலும் பெற்றவன் பெருமை சும்மா இருக்குமா? முக்கு ஒயின் கடைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய், எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றைப் படித்தேன். படித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"சரி, மேல படி," என்றான் கசாப்புக்கடைத் தியோதோரோ.

"அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா? நான் ஆலிவ் கொட்டையைக்கூடத் துப்பலையே!"

"இப்பல்லாம் கவிதை இப்படித்தான்யா. மிச்சத்தை நாமதான் யோசிச்சுக்கணும்."

"நாமளே யோசிச்சுக்கறதுன்னா, உன் பொண்ணு எதுக்கு அவ்வளவு தூரம் போயி உக்காந்திருக்கா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் கேட்டதை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒரே ஒரு கவிதை மட்டும் எனக்குப் புரிந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு சின்னப் பெண் அந்தக் கால்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இது யாராக இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். "சாக்ஸுல ஓட்டைன்னு போட்டிருக்கா பாரு. உன்னைத் தவிர வேற யாரு மனுஷா?" என்றாள். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். புத்தகத்தை மடிக்கக்கூடாது என்று நீ திட்டுவாய். திட்டு, பரவாயில்லை.

இப்போது என் இலக்கியத்துக்கு வருகிறேன். நீ மட்டும்தான் கவிஞர் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் பதிப்பாளர் உண்டு, எர்மெலிந்தா. என் புத்தகம் சின்னச் சட்டியில் விற்கிற மஞ்செரிக்கோ, துளசி மாதிரி மணக்கிற நம் திருநாள் செடி. தண்ணீர் ஊற்றாவிட்டால் ஆகஸ்டில் செத்துப்போகும். உருண்டையான பச்சைத் தலை, அதில் ஒரு காகிதப் பூ, பூவுக்குப் பக்கத்தில் குச்சி, குச்சியில் காகிதக் கொடி, கொடியில் என் நாலு வரி. பையன்கள் வாங்கிக்கொண்டுபோய்ப் பெண்களிடம் நீட்டுவார்கள். வாய் சொல்லக் கூசுவதைக் கொடி சொல்லும். நம் தெருவில் நடந்த கல்யாணங்களில் பாதி என் கவிதையால் நடந்தவை. அந்த வீடுகளில் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உறவு விட்டுப்போகாமல்.

உன் கடிதம் வந்த மறுநாள்தான் கொடிகளுக்கு எழுத உட்கார்ந்தேன். வழக்கம்போல 'கண்ணே' என்றுதான் தொடங்கினேன். கை வழக்கம்போல ஓடியது. எங்கே ஓடுகிறது என்று நான் கவனிக்கவில்லை. சுவருக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்குத் தெரிகிறது? வெளியே ஈரம் பூத்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் எர்மெலிந்தாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடமாட்டாள், படிக்காமலே ஒட்டிவிட்டாள்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம், தெருவில் மேசைகள் போட்டு, தலைக்கு மேலே வண்ணத் தோரணம், அடுப்பில் மத்தி மீன், ஊரே புகைமூட்டம். முதலில் மாட்டியது லவுரிந்தோ. சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதுதான், எப்போதும் குடையோடு போவாரே, அவர். நம் மேல்மாடி விதவையம்மாளுக்கு நெடுநாளாக வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் இந்த வருஷம் துணிந்து ஒரு சட்டியை நீட்டிவிட்டார். அந்தம்மாள் முகம் சிவந்து, கொடியை எடுத்து வாய்விட்டுப் படித்தார்:

*முதல் பல்லு விழுந்த நாளிலே
முகமே நனைய அழுதாயே;
அதைக் காகிதத்தில் சுத்திவெச்சேன் — நீ
அப்புறம் தேடவே இல்லையே.*

அந்தம்மாளுக்கு இருப்பது கட்டின பல். ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் பேசியதில்லை. "என் பல்லு விழுந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சுத்தி வேற வெச்சிருக்காராம்!" என்று எழுந்தவர், கொடியை லவுரிந்தோவின் ஒயின் கோப்பைக்குள் நட்டுவிட்டு மாடியேறிவிட்டார். செடியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டே போனார் என்பதை லவுரிந்தோவுக்கு நான்தான் சுட்டிக்காட்டித் தைரியம் சொன்னேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பார். இந்தப் பல்லை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோமே என்று மட்டும் தோன்றியது.

அடுத்தது கஸ்பார், ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். நல்ல பையன், பேச்சுத்தான் வராது. அவன் தியோதோரோவின் மகள் சுல்மீராவுக்கு ஒரு சட்டியை நீட்டினான். நீட்டியதோ தியோதோரோ இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த மேசைக்கு நேர் எதிரே. தியோதோரோ பெருந்தன்மையாக, "கொடு, நானே படிக்கிறேன். எல்லாருக்கும் கேக்கட்டும்," என்று கொடியை வாங்கி, கத்தியைக் கீழே வைக்காமலே படித்தான்:

*சட்டியில் சூப்பு ஆறுது கண்ணே,
தட்டும் கரண்டியும் வெச்சாச்சு;
கட்டில் விரிப்பு மாத்தியாச்சு — நீ
எட்டிப் பார்த்தே நாளாச்சு.*

அக்கார்டியன் வாசித்தவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"யாரு கட்டில்டா?" என்றான் தியோதோரோ.

"எனக்குத் தெரியாதுங்க."

"விரிப்பு மாத்தத் தெரிஞ்சிருக்கு, கட்டில் யாருதுன்னு தெரியாதா?"

"நான் மாத்தலைங்க! கொடியிலயே அப்படித்தான் இருந்துச்சுங்க!"

"நாளாச்சுன்னு போட்டிருக்கே, அப்ப முன்னாடியே எட்டிப் பார்த்திருக்காளா?"

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் சுல்மீரா. பிறகு கஸ்பாரைப் பார்த்து, "ஏன்டா, திருநாளும் அதுவுமா எனக்குச் சூப்புதானா? ஒரு மத்தி மீனுக்குக்கூட வழியில்லையா?" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

தியோதோரோ கொடியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "இந்தக் கோழிக் கிறுக்கல் யாருதுன்னு எனக்குத் தெரியும். பெல்மீரோ! யோவ், குழாய்! வாய்யா இங்க! இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா கட்டிலும் விரிப்பும்?" என்று கத்தினான். தெருவே திரும்பியது. நான் போனேன். கத்தி அவன் கையில் இருந்ததால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனேன். காகிதத்தை வாங்கிப் படித்தேன். என்னத்தை எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் உன் அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, உனக்குத் தெரியுமே.

"மனுஷா, இது நம்ம ஒடீலியா கட்டில்!"

தியோதோரோ என் கையிலிருந்து கொடியை வாங்கி மறுபடியும் படித்தான், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே. அவன் பையன் பிரான்ஸில் கட்டட வேலைக்குப் போனதைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. கசாப்புக்கடையை விட்டுவிட்டு ஓடிப்போன கழுதை என்றுதான் சொல்வான். கொடியை மடித்து ரத்தக்கறை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டான். கத்தியை வைத்தான். எர்மெலிந்தாவிடம் போய், "அக்கா, இந்த மாதிரி இன்னும் இருக்கா?" என்றான்.

"எந்த மாதிரி?"

"இவன் எழுதினதுதான். பொண்ணுங்களுக்குக் கொடுக்கிறது இல்ல. மத்தது."

ஒரு சட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மலைமாடு, ஒடீலியா, மூக்கைச் செடிக்குள் நேராக வைத்து முகர்ந்தான். கையால் தொட்டுக் கையைத்தான் முகர வேண்டும், மூக்குப் பட்டால் செடி வாடிவிடும் என்று நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவர் செடியாக இருந்தால் அடிதடி ஆகியிருக்கும். எர்மெலிந்தாவே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டி, சுவிட்சர்லாந்தில் மகள். வெட்டியான், கனடாவில் இரண்டு பையன்கள். மாதாகோவில் மணியடிக்கிறவர்கூட வந்தார். அவருக்குப் பிள்ளையே இல்லை, கேட்டால் "இருந்தாலும் ஒண்ணு இருக்கட்டும்" என்கிறார். சட்டிகள் தீர்ந்துவிட்டன. காதலிக்கிற பையன்கள் வெறுங்கையோடு நின்றார்கள். இந்த வருஷம் நம் தெருவில் கல்யாணம் குறையும், பழி என் தலையில் விழும்.

இப்போது வீட்டு வாசலில் வரிசை. ஒழுகுகிற குழாய்க்காக இல்லை. நேற்றுத் தியோதோரோ வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"என் பையனுக்கு ஒண்ணு எழுதிக்கொடு. பொட்டலத்துல வெச்சு அனுப்பணும்."

"என்னன்னு எழுத?"

"பாசம் கீசம்லாம் வேணாம். எலும்புச்சாறு பத்தி எழுது. அவனுக்குப் புரியும்."

எழுதிக் கொடுத்தேன்:

*எலும்புச்சாறு கொதிக்குது மகனே,
எதிர்வீடு வரைக்கும் மணக்குதடா;
கிளம்பிப் போன உன் நாற்காலி — அதில்
கோட்டு மாட்டினாலும் கனக்குதடா.*

படித்துவிட்டு, "என் வீட்டு நாற்காலி உனக்கெப்படித் தெரியும்?" என்று முறைத்தான். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றேன். எனக்கு ஒரு மாட்டு நாக்கு கொடுத்துவிட்டுப் போனான். உன் பதிப்பாளர் உனக்கு என்ன கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாக்கு நன்றாக வெந்தது. கஸ்பாரைத் தியோதோரோ வீட்டுக்குள் விடுகிறான். இருவருக்கும் நடுவில் அவனே உட்கார்ந்துகொள்கிறான், அவ்வளவுதான்.

ஆக, நடந்தது இவ்வளவே. இதைப் படித்துவிட்டு அப்பா ஏங்குகிறார் என்று நீ நினைத்துவிடக்கூடாது. அது கை பழக்கத்தில் ஓடியது. நாங்கள் நிறைவாக இருக்கிறோம். அம்மா அழுவதில்லை, இந்த வருஷம் வெங்காயம் காரம். நீ வர வேண்டாம். நாங்களும் அங்கே வந்து உன் வேலையைக் கெடுக்கிற யோசனையில் இல்லை. அம்மாவுக்கு ஆற்றுப்பாலம் தாண்டினாலே வாந்தி வரும், எனக்கோ இங்கே வாடிக்கையாளர்கள். உன் ஊரில் நல்ல வீடாகப் பார். வாங்குவதற்கு முன் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார். நிறைய எழுது. எதுகை இல்லாமலே எழுது, நான் பழகிக்கொள்கிறேன்.

தேவமாதாவும் அந்தோணியாரும் உனக்கு உடம்பில் பலமும், வாயில் நம் மொழியும், காலில் கெட்டியான சாக்ஸும் குறையாமல் வைக்கட்டும். அம்மா இரண்டு கன்னத்திலும் முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பெல்மீரோ

பி.கு.: இந்த உறையில் தபால்தலை இல்லாததைப் பார்த்திருப்பாய். தியோதோரோவின் சித்தப்பா மகன் வேனில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கடிதத்தை அவனிடம் கொடுக்கப் போனேன். "கடுதாசிக்கு எடம் இருந்தா எனக்கும் எடம் இருக்கும்," என்று உன் அம்மா தொத்திறைச்சி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளை இறக்கத்தான் நானும் ஏறினேன். ஸ்பெயின் முழுக்க எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், பிரான்ஸில் விட்டுவிட்டேன். வழியில் ஒரு வாந்தி கிடையாது அவளுக்கு, எனக்குத்தான். உன் கதவைத் தட்டிப் பார்த்தோம், நீ இல்லை. பக்கத்து வீட்டம்மாள் என்னவோ கேட்டார். "ஒடீலியா, ஒடீலியா" என்று மட்டும் சொன்னோம். சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறோம். நீ வேலை முடிந்து எந்தப் பக்கமாக வருவாய் என்று தெரியவில்லை. அதனால் அம்மா இடது பக்கம் பார்ப்பாள், நான் வலது பக்கம் பார்ப்பேன்.