ஏவிஸ் அக்கா கேட்ட கொட்டகைப் படம்

விஸ்கான்சின்,
அக்டோபர் 21, 2014

கர்த்தருக்குள் அன்பான நாத்தனார் ஏவிஸ் அக்காவுக்கு ஆர்டிஸ் வணக்கத்தோடு எழுதுவது.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை, உங்கள் அப்பாவின் மாட்டுக் கொட்டகையைப் படமெடுத்தபோது அங்கே இருந்தவர்கள்: உங்கள் தம்பி ஆர்லின், நான், அந்தப் பண்ணையை இப்போது வைத்திருக்கும் எமில் கோபெக்கி, அவர் மனைவி லியோனா, ஒரு டிராக்டர், பதினோரு கிடேரிகள். கர்த்தரும் கூட இருந்தார். இல்லாவிட்டால் இதை எழுத நான் மிஞ்சியிருக்க மாட்டேன்.

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் அரிசோனா வெயிலில் கொஞ்சம் இளகியிருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நான் சொல்வது உங்கள் காதில் விழுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கண்மூடுவதற்குள் அப்பாவின் கொட்டகையைச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். பண்ணையை விற்றபோது உங்களுக்குப் பதினொரு வயது, உங்கள் தம்பிக்கு நான்கு. ஆனாலும் அவர், "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு, அக்கா சொல்லித்தான் தெரியணும்னு இல்லை" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். நீங்கள் கொடுத்த அடையாளம் இரண்டையும் நான் ஏட்டில் குறித்துக்கொண்டேன். ஒன்று, உங்கள் அம்மா தைத்த போர்வையின் நீல நட்சத்திரத்தை அங்கே யாரோ பெரிய பலகையில் வரைந்து மாட்டியிருக்கிறார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது. மற்றது, கூரை உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரம். உங்கள் அப்பா அதில் குதிரை உருவம் வெட்ட ஆரம்பித்துப் பன்றி உருவத்தில் முடித்தது.

எங்கள் படப் பயணம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அக்கா. பதினோரு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு கொட்டகைகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, சாலை, கூரையின் வகை, கதவு பார்க்கும் திசை, சாய்மானம் எல்லாம் என் ஏட்டில் இருக்கின்றன. உங்கள் தம்பிக்கு வழியில் கொட்டகை கண்ணில் பட்டால் கால் தானாகப் பிரேக்கில் விழும்; பின்னால் பால் லாரி வந்தாலும் சரி, சவ ஊர்வலம் வந்தாலும் சரி. சனிக்கிழமை மேடேறி இறங்கியதும் இடது கைப் பக்கம் நீல நட்சத்திரம் தெரிந்தது, அவர் "அதோ" என்றார், கால் விழுந்தது, முந்தின நாள் மழை பெய்திருந்தது, வண்டி வலது கைப் பக்கம் வழுக்கிப் போய் ஒரு பழைய சாம்பல் நிறக் கொட்டகைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நான் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைப் பாதியில் விட்டிருந்தேன், கண்ணைத் திறந்ததும் மீதியைச் சொன்னேன். கதவைத் திறக்க முடியாமல் ஜன்னல் வழியாக இறங்கினோம். வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு கிடேரிகளும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. அதில் ஒன்று, வேலியில் சாய்த்துவைத்த கேமரா முக்காலியின் தோல் வாரை மென்று முடித்தது.

அப்போது டிராக்டரில் எமில் கோபெக்கி வந்தார். எட்டவே நிறுத்தி, "வரி மதிப்பீட்டு ஆளுங்களா?" என்றார்.

"இல்லைங்க, கொட்டகையைப் படம் எடுக்க வந்தோம். இது எங்கப்பா பண்ணை" என்றார் உங்கள் தம்பி.

"அப்படின்னா இழுத்துவிடறேன். வரிக்காரங்களா இருந்தா காபி குடிச்சிட்டுதான் இழுத்திருப்பேன்."

அந்த நல்ல மனிதர் வண்டியை இழுத்துவிட்டார், கூலி வாங்க மறுத்தார். லியோனா ஆப்பிள் பணியாரத்தோடு வந்தார். மூன்று தடவை வேண்டாமென்று சொல்லிவிட்டு நான்காம் தடவை சாப்பிட்டோம். பிறகு நால்வரும் சாலையைக் கடந்து நட்சத்திரக் கொட்டகைக்குள் போனோம். உங்கள் தம்பி வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். "இந்த ஆணியிலதான் அப்பா பால் கறக்கிற முக்காலியை மாட்டுவார். இந்தப் பரண்லேருந்துதான் நான் விழுந்தேன்" என்று சொல்லி, தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். எமில் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், லியோனாவைப் பார்த்தார், கடைசியில் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கூரையில் தகரக் குதிரை இல்லை. புயலில் போயிருக்கும் என்றார் உங்கள் தம்பி. மாலை ஐந்து மணிக்குச் சாலையின் இந்தப் பக்கம், சாம்பல் கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சிவப்புச் சுவரும் வெள்ளைக் கதவும் நட்சத்திரமும் சேர்ந்து விழும்படி படமெடுத்தார். எண் இருநூற்றுப் பதினைந்து. சாம்பல் கொட்டகையை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சூரியன் கண்ணைக் குத்தியது. படமெடுக்காததை நான் ஏட்டில் ஏற்றுவதும் இல்லை. அது விழப்போகிறதாம். நவம்பர் எட்டாம் தேதி ஊர்த் தீயணைப்புப் படையினர் பயிற்சிக்காக அதைக் கொளுத்தி அணைக்கப் போகிறார்களாம்.

"தாராளமா கொளுத்துங்க எமில். எங்கப்பா கொட்டகைக்கு எதிர்ல இப்படி ஒண்ணு நிக்கிறதே அசிங்கம்" என்றார் உங்கள் தம்பி. தீயணைப்பவர்களுக்குத் தின்பண்டம் கொண்டுவருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

பள்ளத்துக்கும், அதிலிருந்து இழுத்த டிராக்டருக்கும், உங்கள் தம்பியின் கண்ணீருக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, அக்கா. படம் கழுவி வந்ததும் இதோடு வைத்து அனுப்புகிறேன். சமாதானத்தின் தேவன் உங்கள் முழங்காலையும் மனதையும் காத்துக்கொள்வாராக.

உங்கள் அன்பு,
ஆர்டிஸ்

பி.கு. அக்டோபர் 28. படம் வந்துவிட்டது. மேலே எழுதியதில் கொட்டகையைப் பற்றிய எதையும் நம்ப வேண்டாம். இணைத்திருக்கும் படத்தில் வெள்ளைக் கதவைப் பாருங்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சாம்பல் கொட்டகையின் நிழல் சாலையைத் தாண்டி அதன்மேல் விழுந்திருக்கிறது. நிழலின் உச்சியில் நான்கு காலும் சுருட்டை வாலுமாக ஒன்று நிற்கிறது. உடனே எமிலுக்குத் தொலைபேசி செய்தேன்.

"எமில், அந்தச் சிவப்புக் கொட்டகையை யார் கட்டினது?"

"எங்கப்பா. பண்ணையை வாங்கினப்புறம், அறுபத்திரண்டுல."

"நட்சத்திரம் அதுல எப்படி வந்தது?"

"உங்க மாமியார் போர்வை பரண்ல கிடந்தது. லியோனா அதைப் பாத்துப் பலகை வரைஞ்சா. எட்டடிப் பலகை, எதிர்ல இருக்கிற உங்க மாமனார் கொட்டகை பழசு, தாங்காதுன்னு புதுசுல மாட்டினோம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"வாயெடுத்தேம்மா. அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டார். அவ்வளவு நல்லா அழுற மனுஷனை நடுவுல எப்படி நிறுத்தறது?"

சாம்பல் கொட்டகையைக் கொளுத்துவதை நிறுத்திவைக்க அவருக்குச் சம்மதம்தான். ஆனால் படையினரிடம் காரணம் காட்ட வேண்டுமாம். "உங்க வீட்டுக்காரர் சொல்லை வச்சு நான் போக முடியாது. அவர் என் கொட்டகையிலயே பொறந்து வளர்ந்துட்டார். அக்கா கைப்பட ஒரு வரி வரட்டும்" என்கிறார். உங்கள் தம்பி நேற்றிலிருந்து கேமரா முக்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தொலைந்ததென்று நினைத்த குதிரையின் நிழலையாவது கர்த்தர் படத்துக்குள் அனுப்பினாரே, அதற்கும் ஸ்தோத்திரம்.

எமிலின் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. நிழலின் உச்சியில் நிற்பது உங்கள் அப்பா வெட்டிய தகரம்தானா என்று பார்த்து, எட்டாம் தேதிக்குள் அவர் கைக்குக் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடுங்கள்.