புளிப்பை ஒழித்தவர்

வேர் கண்டவர் என்றொரு இனம் சபைகளில் உண்டு. பார்த்திருப்பீர்கள். பத்து வருஷம் கடைசி பெஞ்சில் ஒழுங்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு நாள் இயேசு யூதர் என்று கண்டுபிடித்துவிடுவார். அதோடு சபையாரின் நிம்மதி போயிற்று.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். அவர் சொன்னதில் தப்பில்லை. இயேசு சீஷர்களோடு கடைசியாக உட்கார்ந்தது, எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பந்தியில்; நற்கருணை அப்பம் வந்தது அந்த மேசையிலிருந்து; பெந்தெகொஸ்தேயும் முதலில் யூதர்களின் அறுப்புப் பண்டிகைதான். இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்று அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அதோடு விட்டாரா? சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு "ஷாலோம்" சொன்னார், ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னவர்களை வாசலிலேயே மடக்கி "முதற்பலன் பண்டிகைன்னு சொல்லுங்க" என்று திருத்தினார், கூடாரப் பண்டிகைக்கு மொட்டை மாடியில் தார்ப்பாயைக் கட்டி மாமியாரை ஒரு வாரம் அதற்குள் தங்கச் சொன்னார். போதகர் அவரைக் கண்டாலே பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பஸ்காவுக்கு முந்தின நாள் மாலை, வீட்டிலிருந்த புளிப்பை, அதாவது மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்த பண்டங்களை, ஒழித்தார். ரொட்டி போயிற்று. பிஸ்கட் போயிற்று. ஃபிரிட்ஜில் இருந்த கேக்கும் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அது மகளின் ஏழாவது பிறந்தநாள் கேக்.

"அப்பா, அது என்னோடது!"

"புளிப்பு இருக்கக் கூடாதுன்னு வேதத்துல இருக்கும்மா."

"கேக்குன்னு இருக்கா?"

அவர் குப்பைக்கூடையின் மூடியை அழுத்தி மூடினார். மகள் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மனைவி ஃபிரிட்ஜை அறைந்து சாத்தினாள்.

அழைப்பு மணி அடித்தது. மாடிவீட்டுப் பல் டாக்டரம்மா. பிறப்பிலேயே யூதர். அவரிடம் கடைக்காரர் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. பாடம் மட்டும் எடுத்திருக்கிறார். டாக்டரம்மாவின் இரண்டு கையிலும் பை.

"நாளைக்குப் பஸ்கா. ரொட்டி, கேக்கு எதுவும் எங்க வீட்ல இருக்கக் கூடாது. யூதரா இல்லாதவங்க வீட்டுக்குக் குடுத்துடுவோம். நீங்க எடுத்துக்கிறீங்களா?"

"எங்க வீட்லயும் கூடாதே!"

"உங்களுக்கு என்ன வந்தது?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஒரு வருஷம் படித்ததையெல்லாம் ஒப்பிக்கப் போகும்போது உள்ளே விசும்பல் கேட்டது.

"யாரு அழறது?"

"பிறந்தநாள்காரி. கேக்கைத் தூக்கிப் போட்டுட்டாரு" என்றாள் மனைவி.

"ஐயோ! எங்க பஸ்கா பந்தியில சின்னப் பிள்ளைங்க கேள்வி கேட்டாத்தானே விடுதலைக் கதையே ஆரம்பிப்போம்!"

"இங்கயும் கேட்டா. ஐயாகிட்டதான் பதில் இல்ல."

கடைக்காரர் பையை வாங்கினார். தானே போய்க் கதவைத் தட்டினார். "கண்ணு, அப்பா தப்புப் பண்ணிட்டேன். வேற கேக்கு வந்திருக்கு."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "இதுல புளிப்பு இல்லையா?"

"இருக்கு. சாப்பிடு."

கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, "பந்தியில பிள்ளைங்க என்னம்மா கேப்பாங்க?" என்றார். டாக்டரம்மா சொல்லச் சொல்லக் கேட்டார். நடுவில் இரண்டே முறைதான் திருத்தினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் முதற்பலன் பண்டிகையின் தேதியைத் திருத்தி நமக்கு ஒரு வார்த்தை எழுதிப்போட வேண்டும் என்று இப்போது உங்கள் கை பரபரத்தால், முதலில் உங்கள் மாமியாரை நலம் விசாரியுங்கள்.